ஹெர்பிஸ் 'பாசிட்டிவ்': பதறுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

நம் ஊரில் ஹெர்பிஸுக்கென்று தனியாக ரத்தம் கொடுப்பவர்கள் குறைவு. பெரும்பாலும் அது வேறு ஏதாவது பரிசோதனையோடு ஒட்டிக்கொண்டுதான் வருகிறது. கரு கலைந்தவர்களுக்கு எழுதிக்கொடுக்கும் 'டார்ச்' பரிசோதனையில் இருக்கும். 'ஃபுல் பாடி செக்கப்' பேக்கேஜில் கொஞ்சம் கூடுதல் பணம் கட்டினால் சேர்த்துத் தரும் பால்வினை நோய்ப் பட்டியலில் இருக்கும். கல்யாணத்துக்கு முன் இரண்டு பேருக்கும் ஒருமுறை ரத்தம் பார்த்துவிடலாமே என்று யாரோ சொன்னதன் பேரில் எடுத்ததிலும் இருக்கும். காலையில் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போவார்கள். சாயங்காலம் போனில் பிடிஎஃப் வந்து விழும். தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் டி எல்லாம் தாண்டி, கடைசிப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'பாசிட்டிவ்'. டாக்டரைப் பார்க்க இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளில் ஒரு குடும்பத்துக்குள் நடக்கிற சேதம், பல சமயம் அந்த வைரஸ் ஆயுள் முழுக்கச் செய்யக்கூடியதைவிடப் பெரியது.

அந்த இரண்டு நாளுக்கும் அதற்குப் பிந்தைய சில வாரங்களுக்கும் உரியது இந்தப் பட்டியல். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடம்பில் புண்ணோ கொப்புளமோ வந்ததே இல்லாத ஒருவருக்கு, ரத்தத்தில் மட்டும், அதுவும் குறைந்த எண்ணில் வருகிற ஹெர்பிஸ் பாசிட்டிவை வைத்து நோய் இருக்கிறது என்று யாரும் முடிவு கட்டக்கூடாது. அது ஒரு சந்தேகம். விசாரித்துத்தான் தீர வேண்டும்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும்

செய்யுங்கள்: 'பாசிட்டிவ்' என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள்.

ரிப்போர்ட்டில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: எச்எஸ்வி-2 ஐஜிஜி, 1.84, பாசிட்டிவ். எச்எஸ்வி என்பது ஹெர்பிஸ் வைரஸ், ஐஜிஜி அதற்கு எதிராக உடம்பு தயாரிக்கும் ஒரு வகை எதிர்ப்பொருள். வலது ஓரத்தில் சின்ன எழுத்தில், 0.90-க்குக் கீழே நெகட்டிவ், 0.90 முதல் 1.09 வரை சந்தேகத்துக்குரியது, 1.10-லிருந்து பாசிட்டிவ் என்று போட்டிருக்கும். கிட்டுக்குக் கிட் இந்த எல்லை கொஞ்சம் மாறும். லேப் கம்ப்யூட்டருக்கு 1.10-ம் பாசிட்டிவ்தான், 11.0-ம் பாசிட்டிவ்தான்; இரண்டுக்கும் ஒரே கொட்டை எழுத்து. விஷயம் தெரிந்த டாக்டர் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

காரணம் எளிது. கிட்டில் வைரஸின் புரதம் பூசியிருக்கும். உங்கள் ரத்தத்தில் அந்த வைரஸுக்கு எதிராக உருவான எதிர்ப்பொருள் இருந்தால் அதில் ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதை நிறமாகவோ ஒளியாகவோ இயந்திரம் அளந்து ஓர் எண்ணாக்கித் தருகிறது. வேறு ஏதோ தொற்றுக்காக உடம்பு தயாரித்த எதிர்ப்பொருளும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு லேசாகக் காட்டிவிடலாம். 1.3, 1.8, 2.4 என்று வருகிற எண்களில் உண்மையான தொற்றும் இருக்கும், இந்தத் தவறான ஒட்டுதலும் இருக்கும். எது எது என்று அந்த ஒரு பரிசோதனையால் பிரிக்க முடியாது.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதை வெளிப்படையாகவே சொல்கிறது. ஹெர்ப்செலெக்ட் என்ற, அங்கே பரவலாகப் பயன்படும் எலைசா கிட்டில் எச்எஸ்வி-2 எண் 1.1 முதல் 3.0 வரை இருந்தால் அது அடிக்கடி தவறான பாசிட்டிவாக இருக்கிறது. வேறு முறையில் இன்னொரு பரிசோதனை செய்து உறுதிப்படுத்திய பிறகே அதற்குப் பொருள் சொல்ல வேண்டும் என்கிறது. 1.1 முதல் 2.9 வரையிலான எண்களுக்கு தொற்றில்லாதவர்களைச் சரியாக நெகட்டிவ் என்று சொல்வதில் அந்தப் பரிசோதனையின் துல்லியம் 39.8 சதவீதம்தான் இருந்தது என்ற ஓர் ஆய்வையும் அது காட்டுகிறது. காசைச் சுண்டிப் போட்டுப் பார்த்தால்கூட இதைவிடப் பரவாயில்லை.

ரிப்போர்ட்டில் எண்ணே இல்லாமல் வெறுமனே 'ரியாக்டிவ்' என்று இருந்தால் லேபுக்குப் போன் போட்டுக் கேளுங்கள். எண் என்ன, எந்தக் கம்பெனி கிட், எந்த முறை, எலைசாவா சிஎல்ஐஏவா. எழுதி வைத்துக்கொள்ளுங்கள், டாக்டர் கேட்பார். கேட்காவிட்டால் நீங்களே காட்டுங்கள்.

செய்யுங்கள்: எந்த வகை என்று பாருங்கள்.

ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸில் இரண்டு வகை. முதல் வகையான எச்எஸ்வி-1 பெரும்பாலும் உதட்டோரத்துக் கொப்புளமாக வருவது. காய்ச்சல் வந்து போன பிறகோ, பரீட்சை நேரத்திலோ வரும். வீட்டில் 'சூட்டுக் கொப்புளம்' என்று சொல்லி விட்டுவிடுவார்கள். சின்ன வயதில் பாசத்தோடு கொஞ்சிய யாரோ ஒருவரிடமிருந்து வந்திருக்கும். பலருக்குக் கொப்புளம் வந்ததே தெரியாது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 50 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 380 கோடி பேருக்கு, அதாவது 64 சதவீதம் பேருக்கு, இது இருக்கிறது. ஆகவே 'எச்எஸ்வி-1 ஐஜிஜி பாசிட்டிவ்' என்பதில் செய்தி எதுவும் இல்லை. உங்கள் தெருவில் பாதிக்கு மேற்பட்ட வீட்டில் அதே முடிவு வரும்.

எச்எஸ்வி-2தான் பெரும்பாலும் உடலுறவு வழியாகப் பரவிப் பிறப்புறுப்பில் வருவது. அதுவும் 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களில் உலக அளவில் சுமார் 52 கோடி பேருக்கு இருக்கிறது.

இனி முக்கியமான ஒன்று. நம் லேபுகள் பல தருகிற ரிப்போர்ட்டில் 'எச்எஸ்வி 1 + 2 ஐஜிஜி' என்று இரண்டையும் சேர்த்து ஒரே வரியாகப் போட்டிருப்பார்கள். அந்த வரியில் பாசிட்டிவ் என்றால் எதற்குப் பாசிட்டிவ்? தெரியாது. இரண்டு வைரஸுக்கும் புரதங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி. 'கிளைக்கோபுரோட்டீன் ஜி' என்ற புரதத்தில்தான் பிரித்தறியும் அளவுக்கு வித்தியாசம். அதை வைத்துச் செய்யும் 'டைப் ஸ்பெசிஃபிக்' பரிசோதனையால் மட்டுமே இது ஒன்றா இரண்டா என்று சொல்ல முடியும். சேர்த்துப் போட்ட வரியை வைத்துக்கொண்டு யாரையும் சந்தேகப்படுவது, சூட்டுக் கொப்புளத்துக்காகக் குடும்பத்தைப் பிரிப்பது.

செய்யாதீர்கள்: ஐஜிஎம் பாசிட்டிவைப் பார்த்து 'இப்போதுதான் தொற்றியிருக்கிறது' என்று முடிவு கட்டாதீர்கள்.

மற்ற நோய்களில் ஐஜிஎம் என்றால் புதுத் தொற்று, ஐஜிஜி என்றால் பழையது என்று பள்ளிக்கூடக் கணக்காகச் சொல்வார்கள். ஹெர்பிஸில் அந்தக் கணக்கு செல்லாது. இதற்கான ஐஜிஎம் பரிசோதனை வகையைப் பிரிப்பதில்லை. பழைய தொற்று திரும்பத் தலைகாட்டும்போதும் பாசிட்டிவ் ஆகும். எதுவுமே இல்லாமலும் ஆகும். செய்யவே வேண்டாம் என்பதுதான் சிடிசியின் நிலை. நம் ஊரில் இன்னமும் எல்லாப் பேனலிலும் அது இருக்கிறது. 'ஐஜிஎம் வந்திருக்கிறதே, போன மாதம் எங்கே போயிருந்தாய்' என்று ஆரம்பிக்கிற சண்டைக்கு அறிவியலில் இடமே இல்லை.

செய்யாதீர்கள்: யாரிடமிருந்து, எப்போது என்று ரிப்போர்ட்டில் தேடாதீர்கள்.

அது அங்கே இல்லை. உறுதியான எச்எஸ்வி-2 தொற்றாகவே இருந்தாலும், அது பத்து வருடத்துக்கு முன் வந்ததா, கல்யாணத்துக்குப் பின் வந்ததா என்று ஐஜிஜி எண் சொல்லாது. தொற்றுள்ளவர்களில் பெரும்பாலானவர்களுக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது.

செய்யாதீர்கள்: அக்கியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அக்கிக்கும் டாக்டர்கள் ஹெர்பிஸ் ஜோஸ்டர் என்றுதான் எழுதுவார்கள். அது சின்னம்மை போட்ட வைரஸ், பெரும்பாலும் வயதான காலத்தில், திரும்ப எழுவது. பால்வினை நோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தவறு எங்கிருந்து வருகிறது

செய்யுங்கள்: உங்கள் வாழ்க்கையையும் கணக்கில் சேருங்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் நான் எடுத்துக்கொண்டவை, வழிமுறை பொதுவானது. எந்த அறிகுறியும் இல்லாத 1000 பேருக்கு எச்எஸ்வி-2 பரிசோதனை செய்கிறோம். அவர்களில் உண்மையில் தொற்றுள்ளவர்கள் 50 பேர். கிட் அந்த 50 பேரையும் ஒருவர் விடாமல் பிடித்துவிடுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மிச்சம் 950 பேரில் நூற்றுக்கு ஐந்து பேரைத் தவறாகப் பாசிட்டிவ் என்கிறது. நூற்றுக்கு ஐந்து பெரிய தவறாகத் தெரியாது. ஆனால் 950-ல் அது 47, 48 பேர். ஆக மொத்தம் 97, 98 பேர் கையில் பாசிட்டிவ் ரிப்போர்ட் இருக்கிறது. அதில் ஏறக்குறையப் பாதி பொய். கிட்டில் எந்தக் கோளாறும் இல்லை, லேபில் யாரும் ரத்தக் குப்பியை மாற்றி வைக்கவில்லை. தொற்று குறைவாக உள்ள கூட்டத்தில் தேடினால் இப்படித்தான் ஆகும்.

அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு என்ற நிபுணர் குழு 2016-ல் இதையேதான் கணக்குப் போட்டுப் பார்த்தது: அங்குள்ள பொது மக்களுக்குச் செய்தால் இரண்டு பாசிட்டிவில் ஒன்று தவறாக இருக்கலாம். அறிகுறி இல்லாதவர்களுக்கு, கர்ப்பிணிகள் உட்பட, ஹெர்பிஸ் ரத்தப் பரிசோதனையை வழக்கமாகச் செய்யக்கூடாது என்று பரிந்துரைத்தது. 2023-ல் திரும்ப ஆராய்ந்து அதே முடிவைத்தான் சொன்னது. அங்கே செய்யாதே என்று சொன்னதை இங்கே தள்ளுபடி விலையில் பேக்கேஜாக விற்கிறார்கள்.

ஆகவே உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பிறப்புறுப்பிலோ அதைச் சுற்றியோ சின்னக் கொப்புளங்கள் கூட்டமாக வந்து, உடைந்து, எரிந்து, ஒரு வாரம் பத்து நாளில் ஆறியது உண்டா? அதே இடத்தில் திரும்ப வந்தது உண்டா? துணைக்கு இருந்ததா? இதெல்லாம் இல்லை, எண்ணும் இரண்டுக்குக் கீழே என்றால், தவறாக இருக்கும் வாய்ப்பு அதிகம். இதெல்லாம் உண்டு, எண் எட்டு பத்து என்று இருக்கிறது என்றால், ரிப்போர்ட் சொல்வது அநேகமாகச் சரி. கேள்விக்குப் பதில் சொல்லும்போது உங்களுக்கு நீங்களே பொய் சொல்லிக்கொள்ளாதீர்கள், டாக்டருக்கும் சொல்லாதீர்கள். அவர் உங்கள் மாமா இல்லை, திட்ட மாட்டார். திட்டினால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

டார்ச் எடுத்தவர்களுக்கு

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் ஊரில் ஹெர்பிஸ் ரிப்போர்ட்டால் அதிகம் அடிபடுவது கரு கலைந்த பெண்கள்தான். இரண்டாவது முறை கலைந்திருக்கும். உடம்பும் மனசும் ஓய்ந்து போயிருக்கும் நேரம். டார்ச் பார்த்துவிடலாம் என்பார்கள். டாக்ஸோபிளாஸ்மா, ருபெல்லா, சைட்டோமெகலோ வைரஸ், ஹெர்பிஸ் என்று வரிசையாக ஐஜிஜி, ஐஜிஎம். ரிப்போர்ட்டை வாங்கி வருவது மாமியாராக இருக்கும், நாத்தனாராக இருக்கும். நாலு இடத்தில் பாசிட்டிவ். அதில் ருபெல்லா ஐஜிஜி பாசிட்டிவ் என்பது நல்ல சேதி, தடுப்பூசியோ பழைய அம்மையோ பாதுகாப்புத் தந்திருக்கிறது என்று பொருள். அதைச் சொல்ல அங்கே ஆள் இருக்காது. கடைசி வரியைப் பார்த்து யாராவது கூகுளில் தட்டுவார்கள். 'பால்வினை நோய்' என்று வரும். கரு கலைந்ததற்கும் காரணம் கிடைத்துவிட்டது, குற்றவாளியும் கிடைத்துவிட்டாள்.

டார்ச் என்ற பெயரை 1971-ல் வைத்தவர்கள் அமெரிக்கக் குழந்தை மருத்துவ ஆராய்ச்சியாளர் ஆண்ட்ரே நஹ்மியாஸும் அவருடைய சக ஆய்வாளர்களும். பிறந்த குழந்தைக்கு வயிற்றிலோ பிரசவத்திலோ தொற்றக்கூடிய, பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் நோய்களை ஒரு குடையின் கீழ் கொண்டுவருவதற்காக வைத்த பெயர். கரு ஏன் கலைகிறது என்று தேட வந்த பரிசோதனை அல்ல அது. பிரிட்டனின் ராயல் மகப்பேறு மருத்துவர் கல்லூரி, திரும்பத் திரும்பக் கரு கலைபவர்களுக்கு வழக்கமாக டார்ச் எடுப்பதைக் கைவிட வேண்டும் என்று 2011 வழிகாட்டுதலில் எழுதியது. தொடர்ந்து கரு கலையக் காரணமாக இருக்க வேண்டுமென்றால் அந்தக் கிருமி எந்த அறிகுறியும் காட்டாமல் பிறப்புப் பாதையில் நிலையாகத் தங்க வேண்டும். இவை அப்படிச் செய்வதில்லை என்பது அதன் வாதம்.

செய்யுங்கள்: டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள், 'டாக்டர், இந்த ஹெர்பிஸ் பாசிட்டிவுக்கும் கரு கலைந்ததுக்கும் சம்பந்தம் இருக்கா?' என்று. கணவரும் கூட இருக்கும்போது கேளுங்கள். பதிலை அவர் காதாலேயே கேட்கட்டும். முடிந்தால் மாமியாரையும் உள்ளே அழைத்துப் போங்கள். வீட்டில் ஆயிரம் முறை விளக்குவதைவிட வெள்ளைக் கோட்டுப் போட்டவர் ஒருமுறை சொல்வது மேல்.

செய்யாதீர்கள்: ஐஜிஜி குறைய வேண்டும் என்று மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிடாதீர்கள். அசைக்ளோவிர் வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் மருந்து. எதிர்ப்பொருளை அழிக்காது. 'நெகட்டிவ் ஆன பிறகு கருத்தரிக்கலாம்' என்று யாராவது சொன்னால், இன்னொரு மகப்பேறு மருத்துவரிடம் கருத்துக் கேட்டே ஆக வேண்டும். உண்மையான தொற்று இருந்தால் ஐஜிஜி பொதுவாக வாழ்நாள் முழுக்க இருக்கும்.

குழந்தைக்கு ஆபத்தே இல்லையா என்றால், உண்டு, ஆனால் வேறு இடத்தில். தாய்க்குப் பிறப்புறுப்பு ஹெர்பிஸ் கடைசி மூன்று மாதத்தில் முதல்முறையாகத் தொற்றினால் பிரசவத்தில் குழந்தைக்குப் போகும் வாய்ப்பு 30 முதல் 50 சதவீதம் வரை. முன்பே தொற்றியிருந்தவர்களுக்கு 1 சதவீதத்துக்கும் கீழ். தாயின் எதிர்ப்பொருளே குழந்தைக்குக் காவல். ஹெர்பிஸ் இருப்பது உறுதியானவர்களுக்கு 36-வது வாரத்திலிருந்து மாத்திரை கொடுப்பார்கள். வலி எடுக்கும் நேரத்தில் புண் இருந்தால் சிசேரியன் செய்வார்கள். இதற்கெல்லாம் வழி இருக்கிறது. புண் வந்த அனுபவம் இருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். குழந்தை பிறந்த பிறகு ஒன்று: உதட்டில் கொப்புளம் உள்ள யாரும், அது தாத்தாவே ஆனாலும், பச்சைக் குழந்தைக்கு முத்தம் கொடுக்கக்கூடாது. நம் வீடுகளில் இதைச் சொல்வதுதான் கஷ்டம்.

மறுபரிசோதனை

செய்யுங்கள்: தோல் மற்றும் பால்வினை நோய் மருத்துவரைப் பாருங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்குத் தனிப் பிரிவு உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் பால்வினை நோய்க்கென்றே ஒரு நிலையம் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் 'சுகவாழ்வு மையம்' என்ற பலகை பார்த்திருப்பீர்கள். பால்வினைத் தொற்றுகளுக்கு அங்கே இலவசமாகப் பார்ப்பார்கள். தனியாரில் தோல் மருத்துவரின் போர்டில் டிவிஎல் என்றிருந்தால் அதில் நடு எழுத்து இந்தப் படிப்புக்குத்தான். வரவேற்பில் 'என்ன பிரச்சினை' என்று சத்தமாகக் கேட்டால் 'தோல் டாக்டரைப் பார்க்கணும்' என்று சொன்னால் போதும்.

செய்யுங்கள்: பன்னிரண்டு வாரக் கணக்கைப் பாருங்கள். தொற்றியிருக்குமோ என்று நீங்கள் பயப்படும் நாளிலிருந்து 12 வாரம் ஆகும் முன் எடுத்த ரிப்போர்ட்டை, பாசிட்டிவோ நெகட்டிவோ, இறுதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எதிர்ப்பொருள் உருவாகவே சில வாரங்கள் ஆகும். 1.2, 1.5 என்று தொங்கிக்கொண்டிருந்த எண், உண்மையான புதுத் தொற்றாக இருந்தால் 12 வாரத்துக்குப் பின் நன்றாக ஏறியிருக்கும். தவறானதாக இருந்தால் பெரும்பாலும் அங்கேயே நிற்கும், அல்லது கீழே இறங்கும்.

செய்யுங்கள்: அடுத்த முறை வேறு கம்பெனி கிட்டில், முடிந்தால் வேறு முறையில், டைப் ஸ்பெசிஃபிக்காகச் செய்யச் சொல்லுங்கள். அதே லேபில் அதே கிட்டில் திரும்பச் செய்தால், அதே தவறு அதே மாதிரி திரும்ப வரும். 'ரெண்டு தடவையும் பாசிட்டிவ்' என்ற பயம்தான் மிச்சம். இதில் கடைசி வார்த்தை என்று கருதப்படுவது வெஸ்டர்ன் பிளாட். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகம் பல வருடங்களாகச் செய்துவருகிறது. நம் பக்கத்து லேபில் கேட்டால் எய்ட்ஸுக்கான வெஸ்டர்ன் பிளாட்டை நினைத்துக்கொள்வார்கள், அது வேறு. ஆகவே இங்கே நமக்கு ஆகிற காரியம், காலம் விட்டு, கிட் மாற்றி, வகை பிரித்துப் பார்ப்பது.

செய்யாதீர்கள்: வாரத்துக்கு ஒரு லேப் என்று அலையாதீர்கள். ஒரு கிட்டின் 2.1-ஐயும் இன்னொரு கிட்டின் 14-ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. அளவுகோலே வேறு. எண் ஏறினால் நோய் முற்றியதாகவும் இறங்கினால் குணமாவதாகவும் பொருள் இல்லை.

செய்யுங்கள்: புண்ணோ கொப்புளமோ வந்தால் அன்றைக்கே போங்கள்.

ரத்தத்தைவிட இதுதான் நம்பகமான சாட்சி. கொப்புளத்தின் அடியிலிருந்து பஞ்சுக் குச்சியால் எடுத்து பிசிஆர் செய்தால், அங்கே வைரஸ் இருக்கிறதா, எந்த வகை என்று நேராகவே தெரிந்துவிடும். முதல் ஓரிரு நாளுக்குள் எடுக்க வேண்டும். பொருக்குத் தட்டிய பிறகு எடுத்தால் இருந்தும் இல்லை என்று வரலாம். போவதற்கு முன் மஞ்சள், வேப்பிலை, மெடிக்கல் ஷாப் ஆயின்மென்ட் எதுவும் பூசாதீர்கள். அப்பாயின்ட்மென்ட் கிடைக்கத் தாமதமானால் நல்ல வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். அதை யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

செய்யுங்கள்: கூடவே எச்ஐவி, சிஃபிலிஸ் பரிசோதனையும் எடுத்துவிடுங்கள், பயப்படக் காரணம் இருந்தால். அவை ஹெர்பிஸ் ரத்தப் பரிசோதனையைவிட நம்பகமானவை, சிகிச்சை தாமதமானால் விளைவும் பெரியது. அரசு மருத்துவமனை 'நம்பிக்கை மைய'த்தில் எச்ஐவி பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம், ரகசியம் காப்பார்கள்.

செய்யாதீர்கள்: 'ஹெர்பிஸ் 90 நாளில் முழு குணம்' விளம்பரத்துக்குப் பணம் கட்டாதீர்கள். வைரஸ் நரம்பு முடிச்சில் போய்ப் படுத்துக்கொள்வது. அதை அங்கிருந்து கிளப்பும் மருந்து எந்த மருத்துவ முறையிலும் இன்னும் வரவில்லை. இந்த வியாபாரத்துக்குத் தவறான பாசிட்டிவ்தான் முதலீடு. தொற்றே இல்லாத ஒருவர் மூன்று மாதம் லேகியம் சாப்பிட்டு வேறு லேபில் பார்க்கிறார், நெகட்டிவ். லேகியத்துக்குச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. பால்வினை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே 1954-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருத்துவ விளம்பரச் சட்டம் தடை செய்கிறது. சட்டம் பாட்டுக்குச் சட்டம், பஸ் ஸ்டாண்டுச் சுவர் பாட்டுக்குச் சுவர்.

வீட்டில்

செய்யாதீர்கள்: ரிப்போர்ட்டைக் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போடாதீர்கள். 'யாருக்காவது தெரிஞ்ச டாக்டர் இருக்காங்களா' என்று கேட்பதற்காகக்கூட வேண்டாம். போட்டதைத் திரும்ப அழித்தாலும், பார்த்தவர்கள் மனசில் அழியாது. ஆறு மாதம் கழித்து அது தவறு என்று தெரியவந்தால் அந்தச் செய்தியை யாரும் ஃபார்வர்டு செய்ய மாட்டார்கள்.

செய்யுங்கள்: கணவர் அல்லது மனைவியிடம் சொல்லுங்கள். மற்றவர்கள் காத்திருக்கலாம்.

எப்படிச் சொல்வது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரலிலும் வேண்டாம், குற்றம் சாட்டுகிற குரலிலும் வேண்டாம். தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். 'என்னங்க, அந்த டெஸ்ட்ல ஒண்ணு சந்தேகமா வந்திருக்கு. நம்பர் கம்மியா இருக்கு, இது தப்பாவும் வரும்னு டாக்டர் சொல்றாங்க. மூணு மாசம் கழிச்சு வேற டெஸ்ட் எடுக்கணும். அதுவரைக்கும் ஜாக்கிரதையா இருப்போம்.' இவ்வளவு போதும். ஜாக்கிரதை என்பது முடிவு தெரியும்வரை ஆணுறை. புண் மாதிரி ஏதாவது இருந்தால் அந்த நாட்களில் உறவே வேண்டாம். தட்டு, டம்ளர், துணி, கழிப்பறை எதையும் பிரிக்க வேண்டியதில்லை. எச்எஸ்வி-2 அப்படிப் பரவுவதில்லை.

கேட்கிறவருக்கும் ஒரு வார்த்தை. முதல் கேள்வி 'யாரு?' என்று இருக்க வேண்டாம். 'டாக்டர் என்ன சொன்னார்?' என்று இருக்கட்டும்.

கல்யாணம் நிச்சயமானவர்களுக்கு: உறுதிப்படாத ஒரு எண்ணை வைத்து நிச்சயத்தை நிறுத்தாதீர்கள். உறுதியான பிறகு மறைத்துக் கல்யாணமும் செய்யாதீர்கள். இடையில் இருக்கும் மூன்று மாதத்துக்கு 'ஆடி போகட்டும்', 'வீடு கட்டி முடியட்டும்' என்று சாக்குச் சொல்லத் தமிழ்க் குடும்பங்களுக்குக் கற்றுத்தரவா வேண்டும்.

காத்திருக்கும் வாரங்களில்

செய்யாதீர்கள்: படங்களைத் தேடாதீர்கள். இணையத்தில் கிடைப்பவை பாடப் புத்தகத்துக்காக எடுத்த, மிக மோசமான நிலையில் உள்ள புண்களின் படங்கள். கண்ணாடி வைத்துத் தினமும் சோதிக்காதீர்கள். ஷேவிங் கட்டி, வியர்க்குரு, உராய்வுச் சிவப்பு எல்லாம் இதற்கு முன்பும் உங்கள் உடம்பில் இருந்தவைதான். அப்போது பார்க்கவில்லை, இப்போது பார்க்கிறீர்கள். பயம் வந்தால் எரிச்சலும் ஊறலும் தானாக வரும்.

செய்யுங்கள்: தூக்கம் கெட்டு, வேலையில் கை ஓடாமல், இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வர ஆரம்பித்தால் 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். தமிழில் பேசலாம், பெயர் சொல்லக் கட்டாயமில்லை. பால்வினைத் தொற்று பற்றிய சந்தேகங்களுக்கு 1097. இரண்டும் இலவசம்.

உறுதியாகிவிட்டால்? அப்போதும் இது சர்க்கரை நோயைவிடக் குறைவான தொல்லை கொடுக்கிற ஒன்று. பலருக்கு வருடத்தில் சில முறை புண் வரும், சிலருக்கு ஒருபோதும் வராது. வந்தால் அசைக்ளோவிர், வாலசைக்ளோவிர் மாத்திரைகள் இருக்கின்றன. தினமும் எடுத்துக்கொண்டால் துணைக்குப் பரவும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது. ஆணுறையும் சேர்ந்தால் இன்னும் குறையும். கல்யாணம், குழந்தை, சுகப்பிரசவம் எதற்கும் தடையில்லை.

டாக்டர்களுக்கும் லேப்களுக்கும் ஒரு வேண்டுகோள். அறிகுறி இல்லாதவர்களுக்குக் காரணமில்லாமல் இதை எழுதாதீர்கள். எழுதியே தீர வேண்டுமென்றால், தவறாகவும் வரலாம் என்று ரத்தம் எடுப்பதற்கு முன் சொல்லுங்கள். 1+2 என்று சேர்த்துப் போடுவதையும் ஐஜிஎம்மையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். குறைந்த எண் வந்தால் 'பாசிட்டிவ்' என்பதற்குப் பக்கத்திலேயே, அதே கொட்டை எழுத்தில், 'உறுதிப்படுத்த வேண்டும்' என்று தமிழில் ஒரு வரி அச்சடியுங்கள்.